கல்லிடையில் இறங்கி அம்பையில் ஏறுங்கள்

திருநெல்வேலி ஜங்ஷனில் செங்கோட்டை பாசஞ்சருக்கு நிற்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் போகிறவர்கள். பாதி வழியில் தாமிரபரணியின் இரு கரையிலும் எதிரும் புதிருமாக இரண்டு ஊர்கள் இருக்கின்றன. தென்கரையில் கல்லிடைக்குறிச்சி, வடகரையில் அம்பாசமுத்திரம். இரண்டுக்கும் தனித்தனி ஸ்டேஷன் உண்டு, நடுவில் ஆறு. ஒன்றில் இறங்கி, ஆற்றைக் கடந்து, மற்றதில் ஏறித் திரும்பினால் ஒரு நாள் நிறைவாகக் கழியும். வந்த தெருவிலேயே திரும்பி நடக்க வேண்டாம், ஆட்டோ பேரமும் வேண்டாம். ஆற்றங்கரை ஊரை ரயிலில் போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு இந்த மாவட்டத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பது என் துணிபு.

எந்த மாதம் போவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். தாமிரபரணி பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. பிறக்கும் மலைக்குத் தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கிறது, வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கிறது. அதனால்தான் இது வற்றாத ஆறு. காவிரிக்கரை ஊருக்குக் கோடையில் போய் வெறும் மணலைப் பார்த்துத் திரும்புவதுபோல் இங்கே நேராது. ஆனால் எல்லா மாதத்துத் தண்ணீரும் ஒன்றல்ல. பங்குனி, சித்திரையில் ஆறு மெலிந்து பாறைகளுக்கிடையே ஓடும். ஜூனில் கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையைத் திறந்தபின் ஓட்டம் நிறையும், இரு கரையிலும் நாற்று நடவு தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகிழக்கு மழையை நம்பித் தேதி குறிக்கக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் இந்த ஆறு என்ன செய்தது என்பதை மாவட்டமே அறியும். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு சிக்கி நின்றது அந்த வெள்ளத்தில்தான். எனக்குப் பிடித்த காலம் தை, மாசி. மழை ஓய்ந்திருக்கும், அணையில் நீர் இருக்கும், பிசான நெல் கதிர் வாங்கி நிற்கும், வெயிலும் நடக்க விடும்.

நீர்மட்டத்தை முந்தின நாளே பார்த்துக்கொள்ளலாம். பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. நெல்லைப் பதிப்பு நாளிதழ்களில் இரண்டின் மட்டமும், நீர்வரத்தும், வெளியேற்றமும் தினமும் வருகின்றன. மட்டம் எவ்வளவு என்பதைவிட வெளியேற்றக் கணக்கைத்தான் கவனிக்க வேண்டும். அணை நிரம்பிய நிலையில் மலையில் மழை வலுத்தால் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். அம்பையில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு ஏறும். இரண்டு நாளைக்குள் வெளியேற்றம் பல மடங்கு கூடியிருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். போயே ஆக வேண்டும் என்றால் பாலத்தில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரயில். இந்தத் தடத்தில் கல்லிடைக்குறிச்சி வரை 1902லும், அங்கிருந்து செங்கோட்டைக்கு 1903லும் மீட்டர்கேஜ் வந்தது. 2012ல் அகலப்பாதையானது. இன்றும் ஒற்றை வழிதான். எதிர்வண்டிக்காக நிறுத்தி வைப்பது வாடிக்கை. நெல்லையிலிருந்து அம்பை வரை ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். கிராஸிங் விழுந்தால் கால் மணியோ அரை மணியோ கூடும். பாசஞ்சர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒன்றை விட்டால் அடுத்ததற்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆகவே காலையில் கிடைக்கும் முதல் செங்கோட்டை வண்டியைப் பிடியுங்கள். நேரத்தைப் பழைய பட்டியலில் பார்க்காதீர்கள். 2025 தொடக்கத்தில் பாசஞ்சர் வண்டிகளின் எண்கள் மாறிவிட்டன. கொரோனா காலத்தில் 0வில் தொடங்கியவை இப்போது 5ல் தொடங்குகின்றன. 0வில் தொடங்கும் எண் போட்ட பட்டியல் கையில் இருந்தால் அது காலாவதியானது என்று கொள்ளலாம்.

டிக்கெட்டில் தவறு நடக்கும் இடங்கள் சில உண்டு. நெல்லையிலிருந்து கல்லிடைக்கோ அம்பைக்கோ சாதாரண வகுப்பில் குறைந்தபட்சக் கட்டணமான 10 ரூபாய்தான். அந்த டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறினால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். 199 கிலோமீட்டருக்கு உட்பட்ட முன்பதிவில்லாத டிக்கெட்டை வாங்கினால் 3 மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். அந்த மூன்று மணி நேரத்துக்குள் வண்டியே இல்லையென்றால் அடுத்து வரும் முதல் வண்டி வரை செல்லும். எனவே புறப்படும் வேளையில் வாங்குவதே நல்லது. வழியில் சேர்மாதேவியில் இறங்கிக் கோயில் பார்த்துவிட்டு அதே டிக்கெட்டில் அடுத்த வண்டியில் ஏறலாமா என்றால், முடியாது. இந்தத் தூரத்துக்கு இடையில் இறங்கிப் பயணத்தைத் தொடரும் சலுகை இல்லை, புது டிக்கெட் எடுக்க வேண்டும். செயலியில் எடுப்பவர்கள் வீட்டிலேயே எடுத்துவிடுவது நல்லது. காகிதமில்லா டிக்கெட்டை ஸ்டேஷன் எல்லைக்குள் நின்று எடுக்க விடாது. உள்ளே வந்துவிட்டால் அங்கே ஒட்டியிருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்துதான் எடுக்க முடியும். அப்படி எடுத்த டிக்கெட்டை ரத்து செய்யவும் இயலாது.

போகும்போது இடப்பக்க ஜன்னல். மேற்குத் தொடர்ச்சி மலை இடப்பக்கமாகத்தான் நெருங்கி வரும். டவுன், பேட்டை கடந்ததும் வீடுகள் ஓய்ந்து வயல் தொடங்குகிறது. சேர்மாதேவிக்கு முன் ரயில் தாமிரபரணியை முதல்முறை கடந்து தென்கரைக்கு வருகிறது. இரண்டாம் முறை கடப்பது கல்லிடைக்கும் அம்பைக்கும் நடுவே. நடுவிலுள்ள ஊர்களைப் பச்சையாக வைத்திருப்பது கன்னடியன் கால்வாய். ஆற்றில் குறுக்கே கட்டிய அணைக்கட்டிலிருந்து பிரிந்து தென்கரையோடு இறங்கும் பழைய கால் அது. தாமிரபரணியில் இப்படிப் படிப்படியாக எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடிகிறது வரிசை. கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. மற்றவை அதற்கு முந்தியவை. சேர்மாதேவிக்கு அடுத்தது காருகுறிச்சி. நாதஸ்வரச் சக்கரவர்த்தி அருணாசலம் (1921–1964) பிறந்த ஊர், மண்பாண்டத் தொழிலுக்கும் பெயர் பெற்றது. வண்டி அங்கே நிற்பது ஒரு நிமிடம்தான். அடுத்து வீரவநல்லூர், அடுத்தது நாம் இறங்க வேண்டிய இடம்.

கல்லிடைக்குறிச்சியில் இறங்கியதும் ஆற்றுக்கு ஓடாதீர்கள். முதலில் கோயில். இந்தப் பக்கத்துக் கோயில்களில் பதினொன்றரை, பன்னிரண்டுக்குள் நடை சாத்திவிடுவார்கள். மாலை நாலரை, ஐந்துக்குத்தான் மறுபடி திறப்பு. ஒருநாள் பயணக்காரர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். காலையில் குளித்துக் களித்துவிட்டுப் பன்னிரண்டரைக்குக் கோயில் வாசலில் வந்து பூட்டைப் பார்ப்பார்கள். கல்லிடையில் ஆதிவராகப் பெருமாள் கோயிலும், குலசேகரமுடையார் கோயிலும் பார்க்க வேண்டியவை. குலசேகரமுடையார் கோயிலுக்கு இன்னொரு காரணத்துக்காகவும் போகலாம். 1982ல் இங்கிருந்து திருடுபோன பஞ்சலோக நடராசர், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரின் அருங்காட்சியகத்தில் இருப்பது கண்டறியப்பட்டு, 37 ஆண்டு கழித்து 2019ல் தமிழகம் திரும்பினார். நாட்டை விட்டுப் போன சிலைகளில் மீண்டு வருபவை மிகச் சில. அந்த மிகச் சிலவற்றில் ஒன்றின் சொந்த வாசல் இது.

அக்கிரகாரத் தெருக்களில் நடக்க அரை மணி ஒதுக்குங்கள். திண்ணையும் மரத்தூணும் வைத்த வீடுகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. அவை காட்சிப் பொருள் அல்ல, ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் உள்ளே வந்து பார்க்கவே சொல்வார்கள். அப்பளம் வாங்குவதாக இருந்தால் இங்கேதான். கல்லிடை அப்பளத்தின் ருசிக்கு ஆற்றுத் தண்ணீர்தான் காரணம் என்பது ஊர்க்காரர்களின் உறுதியான நம்பிக்கை. எதற்கும் வாங்கும்போது அப்பளத்தை லேசாக வளைத்துப் பாருங்கள். புதிதாக இட்டது வளையும், நாள்பட்டது ஒடியும். முழுக்கக் காயாத பதத்தில் வாங்கினால் வீட்டுக்குப் போனதும் நிழலில் உலர்த்தி டப்பாவில் போட வேண்டும், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். பையின் அடியில் வைத்தால் அம்பை போவதற்குள் நொறுங்கிவிடும்.

பிறகு ஆறு. யாரிடமும் ‘ஆத்துப்பாலம்’ என்று கேட்டால் கை காட்டுவார்கள். ஸ்டேஷனிலிருந்து ஸ்டேஷன் வரை மொத்த நடையே மூன்று நான்கு கிலோமீட்டர்தான். குளிப்பவர்கள் ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் முடித்துக்கொள்வது நல்லது. அதற்குப் பின் படிக்கல் காலைச் சுடும்.

குளிக்கும் இடத்தைத் தேர்வதில் ஒரே ஒரு விதியை மட்டும் விடாதீர்கள். ஊர்க்காரர்கள், குறிப்பாகப் பெண்களும் பிள்ளைகளும், இறங்கியிருக்கும் படித்துறையில்தான் இறங்க வேண்டும். ஆளில்லாத அழகான துறை ஆளில்லாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கும். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே நின்று பார்த்தால் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடி தலை முங்கும் குழியில் விழும். படிக்கல்லில் தண்ணீர் தொடும் இரண்டு மூன்று வரிசைகளில் பாசி பிடித்திருக்கும். செருப்பைக் கழற்றி, பக்கவாட்டாகக் கால் வைத்து, பாதம் முழுதும் பதிந்தபின் எடையை மாற்றுங்கள். அணைக்கட்டின் கீழ்ப்புறம் மட்டும் கூடவே கூடாது. மதகைத் தாண்டி விழும் தண்ணீர் அடியில் சுழன்று திரும்பவும் சுவரை நோக்கியே இழுக்கும். நீச்சல் தெரிந்தவரையும் அது விடாது. நுரையோடு வெள்ளையாக இருக்கும் அந்த இடம்தான் பிள்ளைகளுக்கு ஆசை காட்டும். தண்ணீர் திடீரெனச் செம்மண் நிறமாவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, நின்றிருந்த படியின் விளிம்பு மறைவது, இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் துணியைக்கூடப் பொறுக்காமல் மேலே ஏறிவிட வேண்டும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்துக் குழாய்களில் குடிக்கிறார்கள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய்ச் சிகைக்காய் எதுவும் வேண்டாம். முங்கி எழுந்தாலே போதும். பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விடும் பழக்கம் பாபநாசத்தில் பெரும் கேடாகிவிட்டது. பாறையிடுக்கிலும் மதகிலும் சிக்கிய அந்தத் துணிகளைத் தன்னார்வலர்கள் டன் கணக்கில் அள்ளியும் தீரவில்லை. மூழ்கியிருக்கும் ஒரு சேலை குளிக்க வருபவரின் காலைச் சுற்றிக்கொண்டால் உயிரே போகும். துணியைக் கரையில் கழற்றிப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வருவதால் எந்தப் பரிகாரமும் குறைந்துபோவதில்லை. ஈரத் துணிக்கென்று தனியாக ஒரு துணிப்பை, ஒரு துண்டு, ஒரு மாற்றுடை இருந்தால் போதும். உடை மாற்ற மறைவான இடம் எல்லாத் துறையிலும் இல்லை என்பதால் பெண்கள் நைட்டி அல்லது பெரிய துண்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்வது உதவும்.

பாலத்தில் அம்பைப் பக்கமாக நடக்கும்போது இடது கையில் மேற்கே மலை முழுதாகத் தெரியும். வெயில் ஏறியபின் மேகம் மூடிக்கொள்ளும் என்பதால் படம் எடுப்பவர்கள் பாலத்துக்கு முதலில் வந்துவிட்டுக் குளிக்கப் போவது நல்லது. வாகனங்கள் நிற்காமல் போகும் பாலம், கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக நடங்கள்.

அம்பையில் மதியச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, பஸ் ஸ்டாண்டையும் கடைத்தெருவையும் ஒட்டி மெஸ்கள் உண்டு. ஒரு மணிக்குள் உட்கார்ந்துவிட்டால் எல்லாக் கறியும் கிடைக்கும். புளியோதரையும் தயிர்சோறும் கட்டிக்கொண்டு வந்து கரையில் மரநிழலில் சாப்பிடுவது இன்னும் உத்தமம். இலையில் கட்டி வாருங்கள். குரங்கு வரும் இடங்களில் பொட்டலத்தைக் கையில் தொங்கவிடாதீர்கள்.

அம்பையில் நான் முக்கியமாகக் கருதுவது எரிச்சாவுடையார் கோயில். 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் வரகுணனின் வட்டெழுத்துக் கல்வெட்டு இங்கே கிடைத்தது. ஊருக்கு அப்போது இளங்கோக்குடி என்று பெயர். மன்னன் 290 காசைச் சபையிடம் ஒப்படைக்கிறான். முதலைத் தொடக் கூடாது, காசுக்கு இரண்டு கலம் வீதம் ஆண்டுக்கு 580 கலம் நெல்லை வட்டியாக அளக்க வேண்டும். அந்த நெல்லைக்கொண்டு இறைவனுக்கு நாள்தோறும் நான்கு பொழுதும் படைக்க அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, தயிர் எவ்வளவு, வாழைப்பழம் எத்தனை, கறியமுது என்னென்ன, வெற்றிலை எத்தனை என்று பட்டியல் நீள்கிறது. ஓர் ஊர் தன் ஆற்றுப் பாசன நெல்லை நம்பி எவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டிருக்கிறது என்பதை, அதே ஆறு பாய்ந்த வயல்களை ரயிலிலிருந்து பார்த்துவிட்டு வந்தபின் படித்தால் மனம் நெகிழும். மாலை நடை திறந்தபின் போங்கள், பகலில் அவசரப்பட வேண்டாம்.

பன்னிரண்டு மணிக்கும் நாலரைக்கும் இடையிலுள்ள நேரத்தில்தான் பாபநாசம் ஆசை வரும். அம்பை பஸ் ஸ்டாண்டிலிருந்து விக்கிரமசிங்கபுரம் வழியாகச் சுமார் பத்து கிலோமீட்டர், பஸ்கள் அடிக்கடி உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வி.கே.புரத்தில் தெரிவது 1880களில் ஹார்வி சகோதரர்கள் ஆற்றின் விசையை நம்பி நிறுவிய நூல் ஆலை. பாபநாசநாதர் கோயில் வரை போய் வருவது எளிது, நவகைலாயங்களில் முதலாவது அது. ஆனால் அதற்கு மேல், அகத்தியர் அருவிக்குப் போவதென்றால் வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும். அங்கிருந்து களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம். பையைச் சோதிப்பார்கள், பிளாஸ்டிக் போகாது, மழைக்காலத்தில் வழியே அடைபடும். அருவிக்குப் போய்வந்தால் மாலை ரயிலைப் பிடிக்கலாம் என்று நம்பியிருக்கக் கூடாது. அருவியா ஊர்களா என்று முன்கூட்டியே ஒன்றை முடிவு செய்யுங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டுமே பாழ். அருவிப் பக்கம் போகிறவர்கள் பாறைக்குப் பாறை தாவாதீர்கள். சேர்மாதேவியில் குருகுலம் நடத்திய வ.வே.சு. ஐயர் 1925 ஜூனில், தவறி விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்து, மகளோடு உயிர்விட்டது பாபநாசத்தின் இந்த அருவிப் பகுதியில்தான்.

தவிர்க்க வேண்டிய நாள்கள் சில. ஆடி அமாவாசையைச் சுற்றிச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் கூட்டத்தால் அம்பை பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமிருக்காது. குற்றாலச் சீசன் நடக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சனி, ஞாயிறு மாலைகளில் செங்கோட்டையிலிருந்து வரும் வண்டி தென்காசியிலேயே நிரம்பிவிடும். அம்பையில் ஏறுபவர்களுக்கு வாசற்படி ஓரம்தான் மிஞ்சும். முதியவர்களோ கைக்குழந்தையோ கூட வந்தால் வாரநாளில் போங்கள். சீசன் ஞாயிறுதான் தோது என்றால் மதிய வண்டியிலேயே திரும்பிவிடுங்கள், எரிச்சாவுடையாரை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

திரும்பும் டிக்கெட்டை அம்பை ஸ்டேஷனில் வண்டிக்கு அரை மணி முன்னால் வாங்கினால் போதும். சில்லறை வைத்திருங்கள். வண்டி தென்காசியை விட்டுக் கிளம்பிவிட்டதா என்பதை ரயில்வேயின் நேரலைச் செயலியில் பார்த்துவிட்டுக் கோயிலிலிருந்து புறப்படலாம். வரும்போது மலை வலப்பக்கம். வண்டி தவறிவிட்டால் பதற வேண்டியதில்லை. அம்பையிலிருந்து கல்லிடை, சேர்மாதேவி வழியாகத் திருநெல்வேலிக்கு இரவு வரை பஸ் உண்டு, ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஜங்ஷனில் இரவு ரயில் பிடிக்க வேண்டியவர்கள் மட்டும், பஸ் எந்தப் பேருந்து நிலையத்தில் போய் நிற்கும் என்று ஏறுமுன் நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புதிய பேருந்து நிலையத்தில் முடியும் பஸ் என்றால் அங்கிருந்து ஜங்ஷனுக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும், அதற்கு அரை மணியைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.